மல்கம் எக்ஸ் கதையில் விடுபட்ட இருவர்

பல வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஊர் வாசகர் வட்டமொன்றில் மல்கம் எக்ஸின் தன்வரலாறு பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். மல்கமைக் கொன்ற மூவரும் ஆயுள் தண்டனை பெற்றனர் என்றொரு வாக்கியம் அதில் இருந்தது. கேட்டிருந்த எவரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிப்பதற்கும் ஒன்றுமிருக்கவில்லை. நீதிமன்றம் 1966இல் சொன்னதையே நானும் சொன்னேன்.

2021 நவம்பர் 18ஆம் திகதி நியூயோர்க் நீதிமன்றம் அந்த மூவரில் இருவருடைய குற்றத்தீர்ப்பை நீக்கியது. அன்றோடு என் வாக்கியமும் பொய்யாகிப் போனது. நீதிமன்றம் ஐம்பத்தைந்து வருடங்கள் கழித்தாவது தன் ஏட்டைத் திருத்திக்கொண்டது. நான் வாசித்த கட்டுரையையும், அதுபோன்று எத்தனையோ மொழிகளில் எழுதப்பட்டவற்றையும் திருத்துவது யார்? இந்தக் கேள்வியோடுதான் மல்கம் எக்ஸ் பற்றிய சில ஆக்கங்களை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றை மல்கமின் கதையாக மட்டும் இதுவரை வாசித்து வந்தோம். முஹம்மத் அஸீஸ், கலீல் இஸ்லாம் ஆகிய இருவரின் கதையாகவும் அவற்றை வாசித்தால் என்ன தெரியவருகிறது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

1

முதலில் வழக்கு. மல்கம் எக்ஸ் 1964 மார்ச்சில் நேஷன் ஒஃப் இஸ்லாம் அமைப்பிலிருந்து விலகினார். அதே வருடம் ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பினார். 1965 பெப்ரவரி 21ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நியூயோர்க்கின் ஓடுபன் மண்டபத்தில் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில், மனைவியும் பிள்ளைகளும் பார்த்திருக்கச் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

தப்பியோட முயன்ற டல்மட்ஜ் ஹேயர் என்பவர் காலில் குண்டு பாய்ந்த நிலையில் அந்த இடத்திலேயே பிடிபட்டார். ஐந்து நாட்கள் கழித்து நோர்மன் பட்லரும், மார்ச் மாதத் தொடக்கத்தில் தோமஸ் ஜோன்சனும் கைதாகினர். பட்லரே பின்னாளில் முஹம்மத் அஸீஸ். ஜோன்சனே கலீல் இஸ்லாம். இருவரும் நேஷன் ஒஃப் இஸ்லாத்தின் ஹார்லம் பள்ளிவாசலைச் சேர்ந்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். அமைப்பிலிருந்து விலகிய இன்னொருவரைச் சுட்டதாகத் தொடரப்பட்ட வேறொரு வழக்கில் ஏற்கனவே பிணையில் இருந்தவர்கள். பொலிஸார் அவர்களிடம் போனதற்கு அந்த முந்திய வழக்கு ஒரு வசதியாயிற்று.

அவர்களைக் கொலையோடு இணைக்கும் பௌதிகத் தடயம் எதுவும் இருக்கவில்லை. கண்கண்ட சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசினர். அஸீஸ் அன்று காலில் ஏற்பட்ட நோவோடு வீட்டில் இருந்தார். அதைவிட எளிய நியாயமொன்றும் உண்டு. மண்டப வாசலில் நின்றவர்கள் மல்கமோடு நேஷனை விட்டு வந்தவர்கள். ஹார்லம் பள்ளிவாசலின் ஆட்களைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள். அவர்களைக் கடந்து இந்த இருவரும் துப்பாக்கியோடு உள்ளே போய் அமர்ந்திருக்க முடியுமா?

1966இல் விசாரணை நடந்தது. ஹேயர் சாட்சிக்கூண்டில் ஏறித் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மற்ற இருவருக்கும் இதில் தொடர்பில்லை என்றும் சொன்னார். ஜூரிமார் அதை நம்பவில்லை. மூவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. 1977இலும் 1978இலும் ஹேயர் சத்தியக்கடதாசி கொடுத்தார். தன்னோடு வந்தவர்கள் நியூஜேர்ஸி மாநிலத்து நூவார்க் பள்ளிவாசலைச் சேர்ந்த நால்வர் என்று அதில் விபரித்தார். வழக்கை மீளத் திறக்க நீதிபதி மறுத்தார். அஸீஸ் 1985இல் பரோலில் வெளியே வந்தார். கலீல் இஸ்லாம் 1987இல் வந்தார். ஒருவருக்கு இருபது வருடங்களும் மற்றவருக்கு இருபத்திரண்டு வருடங்களும் சிறையில் போயின. அதிலே தனிச்சிறையில் கழிந்த காலமும் உண்டு. கலீல் இஸ்லாம் 2009இல் மௌத்தானார். உலகத்தின் ஏட்டில் அவர் மல்கமைக் கொன்றவராகவே கபுறுக்குப் போனார்.

2

இவ்விடத்தில் யூசுப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றை நினைவுகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அநியாயமாகச் சிறையிலிடப்பட்டவர் அவர். மன்னர் ஆளனுப்பி அழைத்தபோது அவர் உடனே எழுந்து போகவில்லை. தூதரைத் திருப்பியனுப்பி, கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் விடயம் என்னவென்று முதலில் விசாரிக்கச் சொன்னார். விசாரணை நடந்து, குற்றமற்றவர் என்பது சபையில் சொல்லப்பட்ட பின்னரே சிறையை விட்டு வெளியே வந்தார். பொறுப்பும் மதிப்பும் அதன் பிறகு வந்தவை. விடுதலைக்கு முன் பெயர் துலங்க வேண்டும் என்று அவர் ஏன் நின்றார் என்பதை, நியூயோர்க் சட்டம் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்க்கும்போது இன்னும் தெளிவாக விளங்கிக்கொள்ளலாம்.

பரோல் என்பது தண்டனையின் மிச்சத்தை வெளியே இருந்து அனுபவிக்க விடும் ஏற்பாடு. குற்றத்தீர்ப்பு அப்படியே இருக்கும். 1998இல் அஸீஸ் ஹார்லம் பள்ளிவாசலுக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டபோதும் அந்தத் தீர்ப்பு அவரோடு கூடவே போனது. தீர்ப்பை நீக்குவதற்கு, தண்டித்த நீதிமன்றத்துக்கே திரும்பிப் போய் மனுச்செய்ய வேண்டும். புதிய சான்று கிடைத்திருக்கிறது என்றோ, எதிரி தரப்புக்குக் கொடுத்திருக்க வேண்டிய சான்று மறைக்கப்பட்டது என்றோ காட்ட வேண்டும். நீதிமன்றம் இணங்கித் தீர்ப்பை நீக்கிக் குற்றப்பத்திரத்தையும் தள்ளுபடி செய்தால், கைது உட்பட்ட பதிவுகள் பொதுப் பார்வையிலிருந்து முத்திரையிட்டு மூடப்படும். ஏடு சுத்தமாவது அப்போதுதான்.

நட்டஈட்டின் கதவு அதற்குப் பிறகே திறக்கிறது. பிழையாகத் தண்டிக்கப்பட்டவர்கள் மாநில அரசிடம் நட்டஈடு கோருவதற்கான சட்டம் நியூயோர்க்கில் 1984இல் வந்தது. தீர்ப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வருடங்களுக்குள் கோர வேண்டும். குற்றத்தைச் செய்யவில்லை என்பதைக் கோருபவரே தெளிவான சான்றுகளால் நிறுவ வேண்டும். தன் நடத்தையினால் அத்தீர்ப்பைத் தானே வரவழைத்துக் கொள்ளவில்லை என்றும் காட்ட வேண்டும். பொலிஸாரின் பிழைக்கு நகர நிர்வாகத்தைப் பொறுப்பாக்குவதானால் அதற்குச் சிவில் உரிமை வழக்கு வேறாகப் போட வேண்டும். அஸீஸ் சிறையிலிருந்து வந்தபோது இந்தச் சட்டத்துக்கு ஒரு வயது. ஆனால் தீர்ப்பு நீங்காதவருக்கு அது எட்டாத பழம். முப்பத்தாறு வருடங்கள் அவர் அதன் வெளியிலே நின்றார்.

2021இல் மன்ஹட்டன் மாவட்ட வழக்குத் தொடுநர் சைரஸ் வான்ஸும், அந்த இருவரின் சட்டத்தரணிகளும், இன்னசன்ஸ் புரொஜெக்ட் என்ற அமைப்பும் சேர்ந்தே மனுச்செய்தனர். இருபத்திரண்டு மாதங்கள் நீடித்த மீள்விசாரணையில் தெரியவந்தது இதுதான்: எப்.பி.ஐ. நிறுவனமும் நியூயோர்க் பொலிஸாரும் கையில் வைத்திருந்த முக்கியமான ஆவணங்கள் எதிரி தரப்புக்குக் கொடுக்கப்படவில்லை. வேறொருவரைச் சுட்டும் குறிப்புகள் அவற்றில் இருந்தன. மண்டபத்துக்குள் மாறுவேடப் பொலிஸார் இருந்தது மறைக்கப்பட்டது. சாட்சிகளில் சிலர் எப்.பி.ஐ.யின் தகவலாளிகள் என்பதும் மறைக்கப்பட்டது. வான்ஸ் நீதிமன்றத்திலே மன்னிப்புக் கேட்டார். எண்பத்து மூன்று வயது அஸீஸ், தான் நிரபராதி என்று தனக்குச் சொல்ல நீதிமன்றமோ ஒரு துண்டுக் கடதாசியோ தேவையில்லை என்ற கருத்துப்படப் பேசினார். கலீல் இஸ்லாத்துக்காக அவருடைய பிள்ளைகள் வந்திருந்தனர்.

2022 ஒக்டோபரில் நியூயோர்க் நகரம் 2 கோடி 60 இலட்சம் டொலரும், மாநிலம் 1 கோடி டொலரும் தருவதாக இணக்கம் காணப்பட்டது. மொத்தம் 3 கோடி 60 இலட்சம். அஸீஸுக்குப் பாதி. மற்றப் பாதி கலீல் இஸ்லாத்தின் வாரிசுகளுக்கு. மௌத்தானவரின் பெயரையும் துலக்கலாம், அவருக்குச் சேரவேண்டியதையும் கொடுக்கலாம் என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர் அதைக் கேட்டுவிட்டுப் போகவில்லை. யூசுப் நபி வாங்கிக்கொண்டு வெளியே வந்ததை இந்த மனிதர் வாழ்ந்திருக்கும் வரை எவரும் கொடுக்கவில்லை.

3

இனி ஆக்கங்களுக்கு வருவோம்.

தன்வரலாறு 1965இன் பிற்பகுதியில், வழக்கு விசாரணை தொடங்க முன்னரே வெளிவந்துவிட்டது. தன் மரணத்தைப் பற்றி மல்கம் எழுத முடியாது. அலெக்ஸ் ஹேலி எழுதிய பின்னுரையே வாசகனை ஓடுபன் மண்டபத்துக்குக் கொண்டுபோகிறது. அன்றைய செய்திகளின் நெருக்கத்தில் எழுதப்பட்டது அது. கைதானவர்கள் யார், அவர்களுக்கு வீடு வாசல் உண்டா என்று நின்று பார்க்க அதற்கு நேரமில்லை. ஹேலியைக் குறைசொல்வதில் நியாயமில்லை. குறை, அந்தப் பின்னுரையோடு வாசிப்பை முடித்துக்கொண்ட நம்மிடம் இருக்கிறது. புத்தகத்தை மூடியபோது நம் மனதில் ஒரு ஷஹீத் இருந்தார். கொலையாளிகள் பிடிபட்டுவிட்டார்கள் என்ற நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிக்குள் இரண்டு பேர் சிறையிலிருந்தார்கள்.

ஸ்பைக் லீயின் திரைப்படம் 1992இல் வந்தது. மூன்று மணித்தியாலங்களுக்கும் மேலாக ஓடும் அந்தப் படத்தில் டென்ஸல் வொஷிங்டனின் நடிப்பைப் பற்றி இங்கே புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நமது அக்கறைக்குரியது கொலைக் காட்சி. ஹேயரின் சத்தியக்கடதாசி சொல்லும் கதையையே லீ எடுத்துக்கொள்கிறார். துப்பாக்கியோடு எழுகின்றவர்களில் பட்லரும் இல்லை, ஜோன்சனும் இல்லை. அதாவது நீதிமன்றம் 2021இல் ஏற்றுக்கொண்டதை ஒரு கலைஞர் 1992இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டார். இது சிறிய விடயமல்ல. ஆனால் அந்த உண்மைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அங்கே சுட்டவர்கள் வேறு ஆட்கள் என்றால், தண்டிக்கப்பட்டவர்கள் யார்? படம் வெளியானபோது இருவரும் உயிரோடு, பரோலில், வெளியில் இருந்தனர். அவர்களின் துயரத்தைப் படம் தன் கதையாக்கிக்கொள்ளவில்லை. அது மண்டேலாவிடம் போகிறது, வகுப்பறைப் பிள்ளைகளிடம் போகிறது, ஒவ்வொரு பிள்ளையையும் எழுந்து தன்னை மல்கம் என்று சொல்ல வைக்கிறது. கண்கலங்க வைக்கும் முடிவு அது. எனினும் தன் காட்சியே எழுப்பிய கேள்வியை அந்த முடிவு மூடிவிடுகிறது.

மனிங் மரபிள் எழுதிய வாழ்க்கை வரலாறு 2011இல், அவர் இறந்த சில நாட்களில் வெளிவந்து, அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்றது. மல்கமின் புனிதப்படுத்தப்பட்ட உருவத்தைக் கலைத்ததற்காக அந்நூல் மீது பெரும் சர்ச்சை எழுந்தது. சர்ச்சையெல்லாம் மல்கமின் அந்தரங்கத்தைச் சுற்றியே நடந்தது. பிழையான ஆட்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்று அதே நூல் வாதிட்டதை அந்த இரைச்சலில் கேட்டவர் குறைவு. கதாநாயகனின் மேல் ஒரு கறை விழுமோ என்று பதறியவர்கள், கொலையாளி என்ற கறையோடு உயிர்வாழும் ஒருவரைப் பற்றிப் பதறவில்லை. இதற்கு மரபிள் என்ன செய்வார்? அது வாசகர்களின் நோய்.

2020 பெப்ரவரியில் நெட்பிளிக்ஸில் வந்த, மல்கம் எக்ஸைக் கொன்றது யார் என்று கேட்கும் ஆறு பகுதி ஆவணப்படமே கடைசியில் அசைக்க வேண்டியதை அசைத்தது. ரேச்சல் ட்ரெட்ஸினும் பில் பெர்டல்சனும் இயக்கியது. அப்துர் ரஹ்மான் முஹம்மத் என்ற சுயாதீன ஆய்வாளரின் நீண்டகாலத் தேடலைப் பின்தொடர்ந்து செல்வது. அது வெளியானதோடு வழக்கை மீளாய்வு செய்வதாக வழக்குத் தொடுநர் அலுவலகம் அறிவித்தது. ஓர் ஆக்கம் சமூகத்தில் எதைச் சாதிக்கும் என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

ஆனால் நன்றி சொல்லிவிட்டு விமர்சனத்தை நிறுத்திக்கொள்ள முடியாது. அந்தப் படத்துக்கும் ஒரு கதாநாயகன் தேவைப்பட்டிருக்கிறது. அவர் துப்பறிபவர். அஸீஸ் படத்தில் வருகிறார், பேசுகிறார். எனினும் கதையின் வேகம் உண்மையான கொலையாளியைத் தேடி ஓடுகிறது. இருபது வருடச் சிறைவாழ்வுக்குள்ளே, தகப்பனில்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்குள்ளே அது நின்று பார்ப்பது குறைவு. இன்னொன்றும் உண்டு. மரபிளின் நூலும் இந்தப் படமும் நூவார்க்கைச் சேர்ந்த ஒருவரைப் பெயர் சொல்லிக் கொலையாளி என்கின்றன. அவர் அதை மறுத்து வந்தார். 2018இல் இறந்தும் போனார். எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை. அவர்மீதான சான்றுகள் வலுவானவையாக இருக்கலாம். ஆனால் விசாரணையின்றி ஒரு பெயரை ஏட்டில் எழுதுவதன் விளைவை இதே கதையில்தான் பார்த்துவிட்டு வருகிறோம். ஒருவரின் பெயரைத் துலக்கும் கை மற்றொருவரின் பெயரில் மை பூசும்போது எழுத்தாளர் ஒரு கணமாவது தயங்க வேண்டும். அதனாலேயே அந்தப் பெயரை நான் இங்கு எழுதவில்லை.

4

இந்த இருவரும் இவ்வளவு காலம் ஏன் நம் கண்ணில் படவில்லை? நான் என்னைக் கேட்டுப் பார்த்தேன். கிடைத்த பதில் சங்கடமானது. அவர்கள் மல்கமுக்கு எதிர் அணியில் இருந்தவர்கள். நாம் மல்கமை நேசித்தவர்கள். அந்த அணியில் யார் தண்டிக்கப்பட்டாலும் நமக்கு அது நியாயமாகவே பட்டது. அவர்கள் நல்லவர்கள் என்று சொல்லவும் எளிதான வழியில்லை. முந்திய வழக்கு ஒன்று இருந்தது. அமைப்பின் முரட்டுக் காவலர்கள் என்ற பேரும் இருந்தது. அநீதிக்குள்ளானவர் பரிசுத்தமானவராக இருக்க வேண்டும் என்று நம் கதைகள் எதிர்பார்க்கின்றன. கண்ணீர் விடுவதற்கு வாசகனுக்கு ஒரு மாசற்ற முகம் வேண்டியிருக்கிறது. அஸீஸும் கலீலும் அப்படியொரு முகத்தைத் தரவில்லை. இந்தக் கொலையை அவர்கள் செய்யவில்லை. அவர்களுக்காக நிற்க அந்த ஒன்றே போதுமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறத் தூண்டக்கூடாது என்பது நாம் ஓதி வருகின்ற போதனை. மிம்பரில் அதைக் கேட்கிறோம். வாசிப்பில் அதைக் கடைப்பிடித்தோமா? ஒரு வீரனின் வரலாற்றை வாசிக்கும்போது அவனுடைய எதிரிக்கு என்ன நடந்தது என்றும் கேட்பதற்கு விமர்சனம் நமக்குப் பழக்கியிருக்க வேண்டும். நாம் அதிகமாக எழுதியது மல்கமின் பேச்சாற்றல், அவரது மனமாற்றம், ஹஜ் தந்த தெளிவு ஆகியவற்றைப் பற்றித்தான். எல்லாம் எழுதப்பட வேண்டியவையே. அவரது கொலை வழக்கை எழுதும்போது மட்டும் ஒற்றை வரியில் கடந்தோம். அந்த ஒற்றை வரியில்தான் பிழை இருந்தது.

இதை அமெரிக்கக் கதை என்று ஒதுக்கி வைக்கவும் நமக்கு முடியாது. பிழையான வாசிப்பு ஓர் எழுத்தாளனைச் சிறைக்கு அனுப்பும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2017இல் வெளிவந்த அவரது 'நவரசம்' தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுவதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அத்தொகுதியில் இருந்தன. பத்தொன்பது மாதங்கள் கழித்து, 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் தண்டிக்கப்பட்டுப் பின் தீர்ப்பு நீக்கப்பட்டவரல்லர். அவ்வகையில் அஸீஸின் வழக்கோடு இதை ஒன்றாக்கக் கூடாது. ஆனால் விடுதலையான பின் ஒருவரின் பெயரை யார் துலக்குவது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. கைதைச் சொன்ன செய்தியின் எழுத்துப் பருமனும் விடுதலையைச் சொன்ன செய்தியின் எழுத்துப் பருமனும் ஒன்றாக இருப்பதில்லை. பிழையாகத் தண்டிக்கப்பட்டவருக்குச் சட்டப்படி நட்டஈடு வழங்க வேண்டும் என்று கூறும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்துகொண்டது. அரசிடம் அதைக் கேட்பது சட்டத்தரணிகளின் வேலை. எழுத்தில் பட்ட கறையை எழுத்தால் நீக்குவது நமது வேலை. 'நவரசம்' தொகுதியைக் கவிதையாக, அதன் நிறைகுறைகளோடு வாசித்து எழுதுவதும் அதிலே அடங்கும்.

நீதிமன்றத்தின் ஏடு மூடி முத்திரையிடப்படலாம். புத்தகங்களின் ஏடு அப்படியல்ல. அலுமாரிகளில் திறந்தே கிடக்கும். பழைய பதிப்புகளைத் தேடியெடுத்து எரிக்க முடியாது, எரிக்கவும் கூடாது. செய்யக்கூடியது ஒன்றுண்டு. இனிமேல் மல்கமைப் பற்றி எழுதுகின்ற, பேசுகின்ற ஒவ்வொருவரும் அவரது கொலையைச் சொல்லும் இடத்தில் இந்த இருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம். பழைய நூல்களை மறுபதிப்புச் செய்கிறவர்கள் முன்னுரையில் இரண்டு வரிகள் சேர்க்கலாம்.

என் பழைய கட்டுரையின் கையெழுத்துப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வாக்கியத்தை வெட்டிவிட்டு, ஓரத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: மூவர் தண்டிக்கப்பட்டனர்; அவர்களில் முஹம்மத் அஸீஸும் மர்ஹூம் கலீல் இஸ்லாமும் நிரபராதிகள். அன்று கேட்டிருந்தவர்களில் சிலர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். இந்தச் சஞ்சிகை அவர்கள் கைக்கும் போகும் என்ற நம்பிக்கையில், அந்தத் திருத்தத்தை இங்கே பகிரங்கமாகப் பதிவுசெய்கிறேன்.